யார் வீட்டுப் பிள்ளை?

ஆம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பாட்டு முடிந்தது, பிரசங்கத்துக்கு முன்பாகப் போதகராகிய ஐயர், "புள்ளைங்க எல்லாம் முன்னாடி வாங்க, வசனம் சொல்லலாம்" என்று கூப்பிட்டார். பத்துப் பதினைந்து பேர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால், தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழியோரம் காலமெல்லாம் நின்று ஓய்ந்த பெரியவர் ஒருவரும் எழுந்து மெல்ல நடந்தார். பக்கத்திலிருந்த மகன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வுடுடா. நானும் ஒரு வூட்டுப் புள்ளதான்" என்று கையை உதறிவிட்டுப் போய், சிறுவர்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று நான் வீட்டுக்கு எடுத்துப் போனது பிரசங்கத்தை அன்று, அந்த 'ஒரு வூட்டுப் புள்ள'யைத்தான்.

பிள்ளை. இதைவிட எளிய சொல் தமிழில் வேறு எது என்று கேட்கத் தோன்றும். உதடு இரண்டும் கூடிப் பிரிந்து, நா மேலண்ணத்தில் ஒருமுறை அழுந்தி நழுவினால் சொல் முடிந்துவிடுகிறது. பாலாற்றங்கரையில் அது 'புள்ள' ஆகும். உதட்டெழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இகரம் உகரமாகக் குவிவது பேச்சுத்தமிழின் பழைய பழக்கம். வேர் 'பிள்' என்பார்கள். பிளந்து வெளிப்படுவது, தாயிலிருந்து பிரிந்து வருவது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். விதை பிளந்து முளை வருவதையும் ஓடு பிளந்து குஞ்சு வருவதையும் நினைத்துப் பார்த்தால் அந்த விளக்கத்தின்மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. சாய்வுக்குக் காரணம் தொல்காப்பியர்.

மரபியலில் அவர் இளமைப் பெயர்களை எண்ணித் தருகிறார்: குட்டி, கன்று, மறி, பறழ், குருளை, பார்ப்பு, பிள்ளை, மகவு, குழவி என ஒன்பது. பிறகு எந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்று ஒவ்வொன்றாகப் பங்கு பிரிக்கிறார். அந்தப் பங்கீட்டில் மனிதக் குழந்தைக்குக் கிடைப்பவை குழவியும் மகவும் ஆகிய இரண்டே. பிள்ளை அங்கே இல்லை! அது பறப்பனவற்றுக்கும் தவழ்வனவற்றுக்கும் உரிய பெயர். பிறகு ஓரறிவுயிர்களான செடிகொடி மரங்களுக்கும் உரியதாகிறது. ஐங்குறுநூற்றில் வெள்ளாங்குருகுப் பத்து என்றே ஒரு பகுதி உண்டு. அங்கே பிள்ளை என்றால் நீர்ப்பறவையின் குஞ்சு. நாம் பெற்ற மக்களுக்கு இன்று இயல்பாக இடும் பெயர், கூட்டிலிருந்தும் நாற்றங்காலிலிருந்தும் நாம் இரவல் வாங்கியது. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களும் முழுதாக விட்டுவிடவில்லை. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்ற வழக்குகள் இன்னும் உயிரோடிருக்கின்றன. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் நாற்றங்காலில் போய்த் தென்னம்பிள்ளை என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரு விலக்கையும் தொல்காப்பியர் மறக்காமல் சொல்கிறார். நெல்லுக்கும் புல்லுக்கும் இந்தப் பெயர்கள் பொருந்தா என்பது அது. தென்னைக்குப் பிள்ளை உண்டு, புல்லுக்கு இல்லை. ஒரு பருவத்துக்குள் முளைத்து முதிர்ந்து அறுபட்டுப் போகும் உயிருக்கு இளமைக்கென்று தனிப்பெயர் எதற்கு என்று அன்றைய உழவர் எண்ணியிருக்கலாம். இந்த விலக்கை நினைவில் வைத்திருங்கள்; பின்னால் தேவைப்படும்.

பாலாற்றுப் பகுதி மூன்று மொழிகள் உரசிக்கொள்ளும் இடம். வடக்கே ஒரு மணி நேரம் பேருந்தில் போனால் ஆந்திரம். அங்கே பிள்ளை 'பில்ல' ஆகி, பெண்குழந்தையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே மூச்சில் குறிக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் தெருக்களில் உருது பேசும் வீடுகளில் குழந்தை 'பச்சா'. பாரசீகத்திலிருந்து வந்த இந்தப் பச்சாவுக்கும் நம் பச்சைப்பிள்ளைக்கும் உறவு எதுவும் இல்லை, காதுக்குத்தான் உறவு. ஆனால் காதுக்கு உறவென்றால் தெருவுக்கு அதுவே போதும். பச்சை நம் சொல். பசுமை, பசு, பை என்று கிளைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. பையன், பயல், பைதல் எல்லாமே அந்தப் பசுமையில் தளிர்த்தவை என்று சொல்லாய்வாளர் சிலர் காட்டுவர். பச்சை என்பது வெறும் நிறம் அன்று. வேகாதது, காயாதது, பதப்படாதது எல்லாம் பச்சை. பச்சைமண், பச்சைத்தண்ணீர், பச்சைக்காய்கறி. தோல் தொழிலில் பச்சைத்தோல்.

பச்சைத்தோல் என்ற சொல்லை இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உரித்த தோலை அப்படியே வைத்தால் அழுகிவிடும். எனவே உப்பிட்டோ உலர்த்தியோ கொண்டுவருவார்கள். வந்து சேரும்போது அது பலகைபோல் விறைத்திருக்கும். டேனரியில் அதற்கு நடக்கும் முதல் வேலை பதனிடுவது அன்று, ஊறவைப்பது. உப்பைக் கழுவி, இழந்த நீரையெல்லாம் திரும்பக் குடிக்கவிட்டு, உரித்த அன்று எப்படி இருந்ததோ அந்தப் பச்சைநிலைக்குக் கொண்டுவந்த பிறகே சுண்ணாம்பும், மயிர் நீக்கலும், சதை சீவலும், ஆவாரம்பட்டைச் சாறும் கடுக்காயும் வரும். ஊறாத தோலில் பட்டைச்சாறு உள்ளே இறங்காது. இன்று ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பெரிதும் பிடித்துக்கொண்டது. அந்தக் கழிவு பாலாற்றையும் அதன் கரைக் கிணறுகளையும் என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன கதை. ஆனால் எந்த முறையானாலும் ஊறல் முதலில்தான். முதிர்ந்ததைப் பச்சையாக்கிய பிறகே பதப்படுத்த முடியும் என்னும் இந்தத் தொழிலறிவோடு அந்தப் பெரியவர் தம் வாழ்நாளைக் கழித்தவர். அவர் எழுந்து போய்ச் சிறுவர்களோடு உட்கார்ந்ததில் வியப்படைய என்ன இருக்கிறது?

சரி, பிள்ளைக்கு வருவோம். கூட்டிலிருந்து வீட்டுக்கு வந்த சொல், வீட்டில் தங்கியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அது படியேறத் தொடங்கியது. இளமையைக் குறித்த பெயர் அருமையைக் குறித்து, அருமை பெருமையாகி, பெருமை பதவியாகியது. 'ஆர்' என்னும் உயர்வு விகுதி சேர்ந்து பிள்ளையார் ஆனது. யானைமுகக் கடவுளுக்கு அதுவே பெயர். சின்னஞ்சிறு குழந்தையாகப் பாடத் தொடங்கிய திருஞானசம்பந்தரைச் சைவர் ஆளுடைய பிள்ளையார் என்றனர். வைணவ ஆசாரியர்களில் நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, பிள்ளை லோகாசாரியர் என்று பிள்ளைகளே பேராசான்கள். 'பெரிய' என்ற அடையும் 'பிள்ளை' என்ற பெயரும் ஒரே ஆளுக்குள் முரணில்லாமல் குடியிருப்பதைக் கவனித்தீர்களா? பிறகு வேளாளர் முதலிய சில குடிகளின் பெயருக்குப் பின்னால் அது பட்டமாய் ஒட்டிக்கொண்டது. அலுவலகத்துக்குள் நுழைந்து கணக்கப்பிள்ளை ஆனது. கிழக்கிந்தியக் கும்பினியார் அதை வாய்க்கு வந்தபடி 'கானிகோப்பொலி' என்று உருட்டித் தங்கள் அகராதியில் சேர்த்தார்கள். தோல் மண்டிகளிலும் கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். வந்த தோல் எத்தனை, கழித்த தோல் எத்தனை, முன்பணம் எவ்வளவு, பற்று எவ்வளவு என்று எழுதிவைப்பவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாதவர். நம்புவதைத் தவிர வேறொன்றும் அறியாத உயிரின் பெயர், நம்பாமையையே தொழிலாகக் கொண்டவருக்குப் போய்ச் சேர்ந்ததை என்னென்பது!

பக்தியிலும் கணக்கப்பிள்ளைகள் உண்டு, நானும் ஒருவன். இத்தனை நாள் உபவாசம், இத்தனை காணிக்கை, பதிலுக்கு இன்னது வரவேண்டும் என்று மனத்துக்குள் ஒரு பேரேடு திறந்தே கிடக்கும். வயது ஏற ஏறப் பேரேடும் தடிக்கும்.

இந்த ஏற்றத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. தோல் நாட்டில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. தோலைத் தொட்டு வாழ்ந்த குடிகளுக்குப் பிள்ளை என்னும் பட்டம் கிடைக்கவில்லை. கிடைத்தது 'பையா', 'டேய்'. பேரன் பேத்தி எடுத்த கிழவரையும் பண்ணையார் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் ஒருமையில் அழைத்த காலம் தொலைதூரத்தில் இல்லை. அவர்களை வளரவே விடாமல் சொல்லில் சிறுவராகவே நிறுத்தி வைத்தார்கள். பையனும் பிள்ளையும் இளமைச் சொற்களே. ஆனால் 'யார் பிள்ளை?' என்று கேட்கிறோம். கேட்டால் ஒரு வீடும், ஒரு தகப்பனும், வாசலில் காத்திருக்கும் ஒரு தாயும் விடையாக வருகிறார்கள். 'பையா' என்று விரட்டப்படுபவனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிள்ளை உறவுப்பெயர், ஒருவருக்கு உரியவராக இருத்தல் அதன் பொருளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எனவே 'குழந்தையைப்போல் ஆகுங்கள்' என்னும் அறிவுரை எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழாது. பட்டம் பெற்றவருக்கு அது இறங்கி வரச் சொல்லும் அழைப்பு. பட்டமே இல்லாமல் விரட்டப்பட்டவருக்கு அது வீட்டுக்குள் வரச் சொல்லும் அழைப்பு. தேவனுடைய பிள்ளைகள் என்ற தொடர் வட ஆர்க்காட்டுச் சேரிகளில் முதன்முதலாக ஒலித்தபோது, கேட்டவர்களுக்கு அது உவமையாகப் பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். உரிமைப் பத்திரமாகப் பட்டிருக்கும். 'நானும் ஒரு வூட்டுப் புள்ளதான்' என்ற வாக்கியத்தின் எடை அங்கிருந்து வருகிறது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714இல் அச்சேற்றத் தொடங்கிய புதிய ஏற்பாட்டிலிருந்து, ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்து இன்றும் சபைகளில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பு வரை, தமிழ் விவிலியம் பலர் கைபட்டுப் பதப்பட்டது. அந்தப் பவர் மொழிபெயர்ப்பில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பரலோகத்தில் யார் பெரியவன் என்று சீடர்கள் கேட்கிறார்கள். 'பெரியவன்' என்னும் ஆண்பால் ஒருமையைக் குறித்துக்கொள்ளுங்கள். இயேசு மறுமொழி சொல்வதற்கு முன் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துகிறார். மொழிபெயர்ப்பு அந்தப் பிள்ளையை 'அதை' என்கிறது. அவனை அன்று, அவளை அன்று, அதை. அயலார் ஒருவர் பார்த்தால் மனிதக் குழந்தையைப் பொருளாக்கிவிட்டார்களே என்று திகைக்கக்கூடும். நமக்கு அது உறுத்தாது. 'பிள்ளை தூங்குது', 'குழந்தை அழுதது' என்றுதானே சொல்கிறோம்? கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் இதற்கு இடம் செய்து வைத்திருக்கிறார். உயர்திணையைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களை அவர் அடுக்கும் வரிசையில் மகவும் குழவியும் இருக்கின்றன, அடிமையும் விருந்தும் இருக்கின்றன, அரசும் இருக்கிறது. அரசும் குழந்தையும் ஒரே பந்தியில்! 'அன்', 'ஆன்', 'ஆர்' என்னும் விகுதிகளைத் தூக்கிச் சுமக்க வேண்டாத இடம் ஒன்று தமிழில் உண்டென்றால் அது குழந்தைக்குரிய இடம். எவன் பெரியவன் என்ற கேள்விக்கு 'அது' என்பதே விடையாக நிற்பது கிரேக்க மூலத்திலும் உண்டு. அங்கும் அந்தச் சொல் அலிப்பால்தான். ஆனாலும் தமிழில் வாசிக்கும்போது விகுதி உதிர்வது காதில் கேட்கிறது.

அதே இடத்தில் பிள்ளைக்கு முன்னால் நிற்கும் வினை, மனந்திரும்புதல். இது கிறிஸ்தவத் தமிழ் ஆக்கிக்கொண்ட அழகான கூட்டுச்சொல். திரும்புதல் என்றால் திசை மாறுதல். வந்த வழியே மீளுதல். முன்னோக்கி வளர்ந்து பிள்ளையாக முடியாது, திரும்பித்தான் ஆகவேண்டும் என்பது வினையிலேயே அடங்கிவிடுகிறது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த மருத்துவர் ஐடா ஸ்கடரை நினைத்துக்கொள்கிறேன். 1876-78 பெரும்பஞ்சத்தில், பசியால் கையைத் தூக்கவும் திராணியற்றுக் கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு ஊட்டிய சிறுமி அவர். வளர்ந்தபின் இந்த நாடும் ஊழியமும் வேண்டாம் என்று முடிவெடுத்தார். நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்திருந்த ஓர் இரவில், பிள்ளைப்பேற்றில் தவிக்கும் மனைவியருக்காக மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து நின்றார்கள். ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள்; பெண் மருத்துவர் யாரும் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். இந்தத் 'திரும்பினார்' என்ற சொல்லில் ஊருக்குத் திரும்பியது எது, ரொட்டி ஊட்டிய சிறுமிக்குத் திரும்பியது எது என்று பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. அவர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்று சி.எம்.சி. மருத்துவமனை.

இன்னொரு நுட்பம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், தாம் வளர்ந்து ஆளானபோது பழைய சிறுபருவத்து இயல்புகளை விட்டுவிட்டதாகச் சொல்லும் இடம் உண்டு. அங்கே பவர் மொழிபெயர்ப்பு பிள்ளையைத் தொடவில்லை; 'குழந்தை' என்கிறது. ஒழிக்க வேண்டியது வரும் இடத்தில் குழந்தை. ஆகவேண்டியது வரும் இடத்தில் பிள்ளை. விவிலியம் முழுவதிலும் இந்தப் பாகுபாடு பிசகாமல் போகிறது என்று நான் வாதாட மாட்டேன். ஞானிகளுக்கு மறைத்து எளியோருக்கு வெளிப்படுத்தியதைச் சொல்லும் இடத்தில் 'பாலகர்' என்ற வடசொல் வந்துவிடுகிறது. ஆனாலும் இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்தால் தமிழின் இயல்பு புலப்படுகிறது. குழந்தை, 'குழ' என்னும் மென்மை வேரில் பிறந்தது. குழை, குழவி, குழைவு எல்லாம் அதன் உறவு. அது பருவத்தின் பெயர், பருவம் கழியும். பிள்ளை உறவின் பெயர். எண்பது வயதிலும் ஒருவர் தம் தாய்க்குப் பிள்ளை; ஆனால் குழந்தை அல்லர். 'சிறுபிள்ளைத்தனம்' என்று திட்டுகிறோமே என்பீர்கள். கவனியுங்கள், திட்டுவதற்குச் 'சிறு' என்ற முன்னொட்டும் 'தனம்' என்ற பின்னொட்டும் தேவைப்படுகின்றன. இரண்டையும் கழற்றிவிட்டுப் பிள்ளைமை என்று சொல்லிப் பாருங்கள், வசை மறைந்துவிடும்.

பிள்ளைமைக்கு இரண்டு கண்கள்: வியப்பும் நம்பிக்கையும். இவ்விரு சொற்களுக்கும் வயதேறிய கதை உண்டு. வியப்பைத் தொல்காப்பியர் மருட்கை என்பார். மெய்ப்பாடுகள் எட்டில் அது நான்காவது. புதியதைக் கண்டும், பெரியதைக் கண்டும், மிகச் சிறியதைக் கண்டும், ஒன்று மற்றொன்றாக ஆவதைக் கண்டும் அது பிறக்கும் என்கிறார். அறிவால் ஆராய்ந்து அடக்க முடியாத நிலை என்றும் குறிப்புத் தருகிறார். பெரியதற்கும் புதியதற்கும் வியப்பதை யாரும் எதிர்பார்ப்பார்கள். சிறுமைக்கும் வியப்புண்டு என்று சேர்த்தாரே, அங்கேதான் அவர் ஒரு பிள்ளையின் கண்ணை வைத்திருந்தார் என்று எனக்குப் படுகிறது. எறும்பின் வாயில் அரிசிக்குறுணையைப் பார்த்து நின்றுவிடும் கண் அது. நான்காவது காரணமான ஆக்கம் தோல்காரர்களுக்குத் தெரிந்தது: ஆட்டின் உடம்பை மூடியிருந்தது, சில வாரங்களில் அழுகலை வென்ற இன்னொரு பொருளாகிக் கொடியில் தொங்குகிறது.

மெய்ப்பாட்டு வரிசையில் மருட்கைக்கு அடுத்த வீடு அச்சம். காலப்போக்கில் மருட்கை மெல்ல அந்த வீட்டுக்கே குடிபோய்விட்டது. மருண்ட மான் என்றால் இன்று வியந்த மான் அன்று, வெருண்ட மான். மருட்சி, மிரட்சி, மிரட்டல் என்று சொல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தெரியாததைக் கண்டால் பிள்ளை கிட்டே போகிறது. வளர்ந்தவன் எட்டி நிற்கிறான். ஒரு சொல்லுக்குள்ளேயே அந்த வளர்ச்சி நிகழ்ந்திருக்கிறது பாருங்கள்.

நம்பிக்கையின் கதை இதற்கு நேர்மாறு. உரியியலில் நம்பு என்னும் சொல்லுக்கு நசை என்று பொருள் தரப்படுகிறது. அதாவது விருப்பம், உள்ளம் விழைதல். மெய்யென ஏற்றுக்கொள்ளுதல் என்பது பிற்பாடு வந்த பொருள். நாம் இன்று சான்று கேட்டு நம்புகிறோம். பழந்தமிழன் விரும்புவதையே நம்புதல் என்றான். தாயின் இடுப்பில் இருக்கும் பிள்ளையிடம் 'உன் அம்மாவை நம்புகிறாயா?' என்று கேட்டால் அதற்குக் கேள்வியே புரியாது. அங்கே நசைதான் இருக்கிறது. பவர் மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லை நாளைக்காக ஒதுக்கிவிட்டது: விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்றில் நம்பிக்கை எதிர்கால எதிர்பார்ப்பைக் குறிக்கிறது, இறைவனைப் பற்றிக்கொள்வதற்கு விசுவாசம் என்ற வடசொல் வந்து அமர்ந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதை மாற்றி, நம்பிக்கையை அதன் இடத்தில் அமர்த்தி, பழைய நம்பிக்கைக்கு எதிர்நோக்கு என்ற நல்ல தமிழ் ஈந்தது. வேலூர்ப் பக்கச் சபைகளில் பெரியவர்கள் இன்றும் விசுவாசத்தை விட்டு நகர மாட்டார்கள். விசுவாசி என்ற பெயரும் அதையொட்டி நிலைத்துவிட்டது. பழகிய சொல்லைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நம்பு என்பதற்குள் நசை இருந்தது என்று தெரிந்தபின், என் ஓட்டு 1995க்குத்தான்.

இப்போது அந்த விலக்கை எடுத்துக்கொள்வோம். கவலைப்படாதிருக்கச் சொல்லும் இடத்தில் இயேசு சான்றுக்கு அழைப்பது வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும். தமிழ் மரபில் பிள்ளை என்னும் பெயரை முதலில் வைத்திருந்தவர்கள் யார்? பறவையும் மரஞ்செடியும். கலிலேயரும் தொல்காப்பியரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் பிள்ளைமையைத் தேடி இருவரும் ஒரே கூட்டுக்கும் ஒரே நாற்றங்காலுக்கும் போயிருக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் பிரிகிறார்கள். இன்று இருந்து நாளை அடுப்புக்குப் போகும் காட்டுப்புல்லையும் இறைவன் உடுத்துவதாக மத்தேயு எழுதுகிறார். தொல்காப்பியர் பிள்ளை வரிசையிலிருந்து வெளியே நிறுத்திய புல்லுக்கு அங்கே இடம் கிடைத்துவிடுகிறது.

தோல் நாட்டார் மறக்கக்கூடாத இன்னொரு பெயர் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது: யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோன். கடலோரத்தில் அவன் வீடு. யூதர் அந்தத் தொழிலைத் தூய்மையற்றதென ஒதுக்கினார்கள். நம் ஊர் ஊரைவிட்டே தள்ளி வைத்தது. அந்த வீட்டு மாடியில், பசியோடு நண்பகலில், சபையின் மூத்தவரான பேதுருவுக்கு ஒரு காட்சி வருகிறது. விரிப்பு ஒன்று வானத்திலிருந்து இறங்க, அதில் தின்னலாமென்பதும் தின்னக்கூடாதென்பதும் கலந்து கிடக்கின்றன. கற்றதையெல்லாம் ஒருமுறை மறந்து, எது தீட்டு, யார் தீட்டு என்பதைப் பச்சைப்பிள்ளைபோல் முதலிலிருந்து படிக்க வேண்டியதாகிறது அவருக்கு. படிக்க நேர்ந்த பள்ளிக்கூடம் ஒரு தோல்காரன் வீடு. அந்த 'தோல் பதனிடுகிற' என்ற தொடரில் பதன் என்ற சொல்லைச் சற்று நாவில் வைத்துப் பாருங்கள். பதம், பதன், பதனம் என்று ஓடும் வரிசையில் கவனம், காப்பு என்ற பொருள்களும் உண்டு. கெடாமல் காப்பதே பதனிடுதல்.

பெயருக்காகவே நான் ஒருமுறை போய்ப் பார்த்த இடம் திருப்பத்தூரில் இருக்கிறது. சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், ஸ்காட்லாந்தில் செல்வக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற மருத்துவரும் 1921இல் அங்கே தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம். கோபுரத்தோடு தென்னாட்டுக் கோவிலமைப்பில் அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. குலம் என்ற சொல் எவ்வளவு கூரானது என்று இந்த மாவட்டத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே சொல்லை எடுத்துக் குடும்பம் என்னும் அதன் மூத்த பொருளுக்குத் திருப்பினார்கள் இருவரும். அக்காலத்தில் சபைப் பெரியவர்களுக்கு ஐயர் என்று பெயர், வெள்ளையராயின் துரை. இவர்கள் இரண்டையும் ஒதுக்கினார்கள். ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டார்கள். அண்ணன் என்பது மரியாதைப் பெயர்தான். ஆனால் அதற்கு மேலே ஒரு தகப்பன் இருப்பதை அது ஒப்புக்கொள்கிறது. அண்ணன் எவ்வளவு மூத்தாலும் அந்த வீட்டில் பிள்ளையே. அதிலும் வெள்ளையரான பேட்டன் 'சின்ன' என்ற அடையைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டது, ஆட்சி அவர் இனத்தின் கையிலிருந்த காலத்தில்! பெரியவாச்சான் பிள்ளையில் பெரிய என்ற அடை செய்த வேலையை இங்கே சின்ன என்ற அடை செய்கிறது.

தகப்பன் என்றதும் கடைசியாக ஒரு சொல். பவுல் உரோமருக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகள் கடவுளைக் கூப்பிடும் சொல்லாக அரமேயத்தின் 'அப்பா'வை அப்படியே வைத்திருக்கிறார். உலகத்து மொழிகளில் பலவற்றுக்கு அது அயற்சொல்; அடிக்குறிப்புப் போட்டு விளக்குகிறார்கள். தமிழில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதை வைத்துக்கொண்டு அரமேயம் தமிழிலிருந்து பிறந்தது என்று கொடி பிடிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். உதடு கூடிப் பிரிந்தால் எந்த நாட்டுக் குழந்தைக்கும் முதலில் வாய்ப்பவை மகரமும் பகரமுமே. ஆனால் இதே சொல்லைத் தமிழ் மரபிலும் ஒரு பிள்ளைதான் பெயராக்கியது. முதியவரான திருநாவுக்கரசரைக் கண்ட சிறுவர் சம்பந்தர் 'அப்பரே' என்றழைக்க, அதுவே அவருக்குப் பெயராய் நிலைத்தது என்பது சைவ மரபு.

வாசகரே, ஒரு வேண்டுகோள். இந்தப் பெயரின் வழக்காறுகளைப் பாலாற்றங்கரை ஊர்களில் திரட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர் நாற்றங்காலில் தென்னம்பிள்ளையா, தென்னங்கன்றா? டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ புதிதாக வேலைக்குச் சேருபவரை மூத்தவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள்? வயதான பெரியவர்களைப் பிள்ளை என்று கூப்பிடும் பாட்டி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர் அதை எப்படி உச்சரிக்கிறார் என்பதையும் சேர்த்து, ஓர் அஞ்சலட்டை எழுதிப்போடுங்கள்.